வெப் எழுதியவர்களுக்கு டெஸ்க்டாப் பயிற்சி: நடத்தப் போகிறவருக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் குழுவில் ஐந்து, எட்டு ஆண்டுகளாக வெப் அப்ளிகேஷன் எழுதிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். திடீரென்று விண்டோஸில் ஓடும் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. "எல்லாரும் சீனியர்தானே, ரெண்டு வாரத்தில் பழகிடுவாங்க" என்று சொல்லி அவர்களைத் தயார்படுத்தும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவுக்கு இந்த வேலையைச் செய்தபோது, தேடிக் கிடைத்த பயிற்சிகள் எதுவும் ஒத்துவரவில்லை. ஒரு வகை, வேரியபிள் என்றால் என்ன என்று ஆரம்பிக்கும். இன்னொரு வகை, பட்டனை இழுத்துப்போட்டு, அழுத்தினால் 'ஹலோ' காட்டுவதோடு முடிந்துவிடும். பணம் கட்டி அழைத்த ஒரு பயிற்சி நிறுவனம், பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களை உட்காரவைத்து லூப் நடத்தியது. அனுபவமுள்ளவருக்கு மொழி தெரியும், டேட்டாபேஸ் தெரியும். அவருக்குப் புதிதாக இருப்பது ஒன்றுதான்: கோட் இனி நம் சர்வரில் ஓடாது, முகம் தெரியாத யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில், மின்தடைக்கும் வைரஸ் ஸ்கேனருக்கும் நடுவில் ஓடும். பயிற்சி முழுவதையும் இதைச் சுற்றியே அமையுங்கள். அதனால் கீழே உள்ள வரிசை வழக்கமான பாடத்திட்டத்துக்குக் கிட்டத்தட்டத் தலைகீழாக இருக்கும்.

உதாரணத்துக்கு, கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். கருவிகள்: சி ஷார்ப் மொழி, அது ஓடும் டாட் நெட் தளம், திரைகளை அமைக்கும் டபிள்யூபிஎஃப்.

1. பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கோட் சைனிங் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்

மென்பொருளை இன்ன நிறுவனம்தான் வெளியிட்டது என்று டிஜிட்டல் கையொப்பமிடத் தேவையான சான்றிதழ் இது. இதை எல்லாரும் கடைசியில் வைப்பார்கள். கடைசியில் வைத்தால் மென்பொருள் தயாராக இருக்கும், வெளியிட முடியாது. கையொப்பமில்லாத இன்ஸ்டாலரை இணையத்திலிருந்து இறக்கித் திறந்தால் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை வந்து நிற்கும். தொடர்வதற்கான பட்டன்கூட 'மோர் இன்ஃபோ'வை அழுத்திய பிறகுதான் தெரியும். கடைக்காரர் அங்கேயே பயந்து மூடிவிடுவார்.

2023 ஜூன் 1 முதல், கையொப்பமிடும் சாவி தகுதிபெற்ற ஹார்டுவேர் டோக்கனிலோ அதற்கு இணையான பாதுகாப்புள்ள கிளவுட் சேவையிலோதான் இருக்க வேண்டும். முன்புபோல ஒரு ஃபைலாக மின்னஞ்சலில் வராது. டோக்கன் வெளிநாட்டிலிருந்து கூரியரில் வருவதாக இருந்தால் சுங்கத்துக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள் பொதுவாகக் கேட்கும் ஆவணங்கள்: நிறுவனப் பதிவுச் சான்றிதழ் அல்லது ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டை, அவர் நிறுவனத்தின் சார்பில் விண்ணப்பிக்க அதிகாரம் பெற்றவர் என்பதற்கான உறுதி. இதோடு, அவர்கள் சரிபார்க்கக்கூடிய இடத்தில் பதிவாகியிருக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். யாரும் எடுக்காத பழைய லேண்ட்லைன் எண்ணாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

பெயர் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து கவனம் தேவை. பதிவில் 'பிரைவேட் லிமிடெட்' என்று முழுதாக இருந்து, விண்ணப்பத்தில் சுருக்கி எழுதினால் கேள்வி வரும். அலுவலகம் மாறியும் ஜிஎஸ்டியில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். காகிதங்கள் சரியாக இருந்தால் ஓரிரு வாரம், இல்லையென்றால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஆண்டுக்குச் சில நூறு டாலர். விற்பவரைப் பொறுத்து விலை நிறைய மாறும். டோக்கன் விலையும் கூரியரும் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2026 மார்ச் 1 முதல் கொடுக்கப்படும் சான்றிதழ்கள் 460 நாட்களுக்கு மேல் செல்லாது. மூன்று ஆண்டு என்று யாராவது விற்றால், நடுவில் மறுபடி சரிபார்த்துப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும் என்று பொருள்.

"இன்னும் விலை கூடிய ஈவி சான்றிதழ் வாங்குங்கள், எச்சரிக்கை உடனே மறைந்துவிடும்" என்பார்கள். ஈவி என்பது நிறுவனத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துக் கொடுக்கும் வகை. முன்பு அப்படித்தான் இருந்தது, இப்போது இல்லை. எந்தச் சான்றிதழாக இருந்தாலும் ஸ்மார்ட்ஸ்கிரீனிடம் நற்பெயர் மெல்ல மெல்லத்தான் சேரும். அப்புறம், கையொப்பமிடும்போது டைம்ஸ்டாம்ப் (நேர முத்திரை) சேர்க்கத் தவறாதீர்கள். சேர்த்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய இன்ஸ்டாலர் செல்லும்.

2. கருவியை ஒரே பிற்பகலில் முடிவு செய்யுங்கள்

டெஸ்க்டாப் திரைகளை எழுதும் கருவி எலக்ட்ரானா, க்யூட்டியா, டபிள்யூபிஎஃப்பா என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. என் கருத்து இது: குழுவுக்கு எந்த மொழி ரத்தத்தில் ஊறியிருக்கிறதோ அதை மாற்றாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் குழு என்றால் எலக்ட்ரான். மெமரி அதிகம் தின்னும் என்று திட்டுவார்கள், திட்டட்டும். சி ஷார்ப் குழு என்றால் டபிள்யூபிஎஃப் அல்லது விண்ஃபார்ம்ஸ். பைத்தான் குழு என்றால் க்யூட்டி. புது மொழியையும் டெஸ்க்டாப்பையும் ஒரே நேரத்தில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

முடிவுக்கு முன் இரண்டைப் பாருங்கள்.

முதலில், வாடிக்கையாளரிடம் இருக்கும் விண்டோஸ் எது? இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கடைகள் இருக்கின்றன. எலக்ட்ரான் 23 முதல் விண்டோஸ் 7, 8 ஆதரவு கிடையாது. க்யூட்டி 6-க்கு விண்டோஸ் 10 வேண்டும். அந்தக் கடைகளை விட முடியாது என்றால் டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 போன்ற பழையதில்தான் எழுத வேண்டும். விட முடியும் என்றால் டாட் நெட் 10 எடுங்கள், ஆதரவு 2028 நவம்பர் வரை உண்டு. டாட் நெட் 8-இன் ஆதரவு 2026 நவம்பரோடு முடிகிறது.

இரண்டாவது, லைசென்ஸ். விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி இலவசம்தான். ஆனால் நிறுவனத்துக்குள் வணிக மென்பொருள் எழுத ஐந்து பேர் வரைதான் பயன்படுத்தலாம். 250-க்கு மேல் கம்ப்யூட்டர்களோ, ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானமோ உள்ள நிறுவனம் என்றால் அந்த ஐந்து பேரும் கிடையாது. பயிற்சிக்கு ஆறு பேரை உட்காரவைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். விஎஸ் கோடுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அதில் சேர்க்கும் சி ஷார்ப் டெவ் கிட்டுக்கும் இதே விதிதான். பைத்தான்காரர்கள், க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூட்டிக்கும் பைசைடுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முதலாவது ஜிபிஎல் (மென்பொருளைக் கொடுத்தால் நம் கோடையும் கொடுக்க வேண்டிய லைசென்ஸ்) அல்லது கட்டண லைசென்ஸ். இரண்டாவது அந்த அளவு கட்டுப்பாடில்லாத எல்ஜிபிஎல்-இல் கிடைக்கிறது. கோட் எழுதும் விதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், யாரும் கவனிக்காமல் தவறானதைப் பிடித்துக்கொள்வது எளிது.

3. ஒரு மோசமான கம்ப்யூட்டர் வாங்குங்கள்

பயிற்சி அறையில் 4 ஜிபி மெமரி, சுழலும் ஹார்டு டிஸ்க், 1366×768 திரை உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கே கிடைக்கும். அதில் டெவலப்மென்ட் கருவி எதையும் போடாதீர்கள். அட்மின் உரிமை இல்லாத ஒரு சாதாரண கணக்கும், ஏதாவது ஒரு ஆன்டிவைரஸும் மட்டும் இருக்கட்டும். பயிற்சியில் "வேலை முடிந்தது" என்றால் "அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது" என்று பொருள். இதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

4. முதல் வாரம்: இன்ஸ்டாலர்

வெற்றுத் திரை ஒன்றை எழுதவைத்து, அதை இன்னோ செட்டப் அல்லது விக்ஸ் கொண்டு இன்ஸ்டாலராக்கி, பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, இயக்கி, நீக்கி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அரை நாள் வேலை என்று சிரிப்பார்கள். ஒரு வாரம் போகும். அதற்குள் பின்வரும் எல்லாவற்றிலும் அவர்களே முட்டிக்கொள்வார்கள்.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரணப் பயனரால் எழுத முடியாது. செட்டிங்ஸ் ஃபைலை எக்ஸிக்யூட்டபிளுக்குப் பக்கத்தில் வைத்தவரின் மென்பொருள் திறந்ததும் விழும். பயனர் தரவு ஆப்டேட்டாவிலும், எல்லாப் பயனருக்கும் பொதுவானது புரோகிராம்டேட்டாவிலும் போக வேண்டும். அடுத்து, டாட் நெட் ரன்டைம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்காது. கூடவே கட்டிக் கொடுத்தால் இன்ஸ்டாலர் பெருக்கும், கொடுக்காவிட்டால் ஓடாது. பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை ஏற்றினால் ஃபைல் பூட்டிக்கிடக்கும். மென்பொருளை நீக்கும்போது தரவையும் சேர்த்து அழித்துவிடும் இன்ஸ்டாலரையும் யாராவது ஒருவர் எழுதிவருவார். அதைப் பயிற்சி அறையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பைத்தான் குழுவினர் ஒற்றை எக்ஸ்இ-ஆகக் கட்டினால் ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டுத் தூக்கிவிடும் வாய்ப்பு உண்டு. ஒற்றை ஃபைல் ஆசையை விட்டு, ஃபோல்டராகக் கட்டி இன்ஸ்டாலரில் வையுங்கள். தவறாகப் பிடிபட்ட ஃபைலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லும் வசதி இலவசமாகவே இருக்கிறது.

5. இரண்டாம், மூன்றாம் வாரம்: த்ரெட்டும் மெமரியும்

சீனியர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வெப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் பிறந்து சில நொடிகளில் முடிந்துவிடும். டெஸ்க்டாப்பில் காலை ஒன்பது மணிக்குத் திறந்த மென்பொருள் இரவு பத்து மணி வரை அப்படியே இருக்கும். திரையைத் தொடுவதற்கு ஒரே ஒரு யூஐ த்ரெட்தான், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரே ஓட்டம். விசை, மவுஸ் பற்றி விண்டோஸ் அனுப்பும் மெசேஜ்களை அது ஐந்து நொடி கவனிக்காவிட்டால் விண்டோஸ் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். கடைக்காரர் உடனே டாஸ்க் மேனேஜரில் கொன்றுவிடுவார், பாதி பில்லோடு.

இந்த நான்கு பயிற்சிகளைக் கொடுங்கள்:

அ) பட்டன் நிகழ்வுக்குள் ஒரு அசிங்க் மெத்தடை (அழைத்தவரைக் காக்கவைக்காமல் பின்னால் முடியும் வேலை) அழைத்து, அதன் முடிவை டாட் ரிசல்ட் என்று காத்திருந்து வாங்கச் சொல்லுங்கள். மென்பொருள் உறைந்துபோகும். வெப்புக்கான ஏஎஸ்பி டாட் நெட் கோரில் இதே வரி பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கும், வேலையை அழைத்த த்ரெட்டுக்கே திருப்பும் சின்க்ரனைசேஷன் கான்டெக்ஸ்ட் அங்கே இல்லை. ஏன் இங்கே உறைகிறது என்று அவர்களே படம் வரைந்து விளக்க வேண்டும். விளக்க முடிகிறவரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

ஆ) அசிங்க் வாய்டு மெத்தடுக்குள் ஒரு எக்ஸெப்ஷனை வீசச் சொல்லுங்கள். வெளியே டிரை கேட்ச் போட்டிருந்தும் பிடிபடாமல் மென்பொருளே மூடிக்கொள்வதைப் பார்க்கட்டும்.

இ) ஒரு விண்டோவை நூறு முறை திறந்து மூடச் சொல்லுங்கள். நீண்டநாள் வாழும் ஒரு ஆப்ஜெக்ட்டின் ஈவென்ட்டில் அந்த விண்டோ பதிவு செய்துகொண்டு விலகாமல் விட்டால், மூடிய விண்டோ ஒவ்வொன்றும் மெமரியில் உட்கார்ந்திருக்கும். விண்ஃபார்ம்ஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் பத்தியையும் (திரை வரையப் பயன்படும் ஃபான்ட், பிரஷ் போன்றவற்றின் எண்ணிக்கை) திறந்து வையுங்கள். ஒரு புராசஸுக்கு இயல்பான வரம்பு 10,000. ஃபான்டையும் பிரஷ்ஷையும் விடுவிக்காமல் எழுதியவரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வரம்பைத் தொட்டதும் திரை அலங்கோலமாகும். மதியம் வரை நன்றாக ஓடி மாலையில் கெடும் மென்பொருட்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

ஈ) 50,000 சரக்குகளை ஒரு பட்டியலில் காட்டச் சொல்லுங்கள். டபிள்யூபிஎஃப் லிஸ்ட், கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கும் அளவுக்குக் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதை ஸ்க்ரால்வியூவருக்குள் வைத்த நொடியில் அந்த வசதி போய்விடும். பழைய கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசத்தை நேரில் பார்க்கட்டும்.

6. நான்காம், ஐந்தாம் வாரம்: வடிவமைப்பு, அதுவும் கடையில்

ஃபிக்மாவில் படம் போடுவதற்கு முன், குழுவை ஒரு கடையின் பில்லிங் கவுன்டருக்குப் பின்னால் அரை நாள் நிற்கவையுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பண்டிகை வாரத்தில் போகாதீர்கள், விரட்டிவிடுவார்.

முதலில் கண்ணில் படுவது மவுஸ் தூசி படிந்து கிடப்பது. டேலியில் பழகிய கை என்டரில் அடுத்த கட்டத்துக்குப் போகும், எஸ்கேப்பில் பின்னால் வரும், எஃப்8 அழுத்தினால் விற்பனை வவுச்சரை எதிர்பார்க்கும். வெப் பழக்கத்தில் வந்தவர் டேப் விசையோடு நிறுத்திவிடுவார். எந்தத் திரையையும் மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் மதிப்பிட வேண்டும் என்று விதி வையுங்கள்.

பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் தன்னை ஒரு கீபோர்டாகவே காட்டிக்கொள்ளும். எண்களைத் தட்டிவிட்டுக் கடைசியில் என்டரும் அனுப்பும். "இந்த பில்லை நீக்கவா?" என்ற கேள்வி திரையில் இருக்கும்போது, ஊழியர் பார்க்காமல் அடுத்த பொருளை ஸ்கேன் செய்தால், அந்த என்டர் 'ஆம்' ஆகிவிடும். ஆபத்தான கேள்விகளில் இயல்புப் பட்டன் 'இல்லை'யாக இருக்கட்டும்.

விண்டோஸின் ஸ்கேலிங்கை (எழுத்தும் பட்டனும் பெரிதாகும் விகிதம்) 100, 125, 150 சதவீதத்தில் வைத்துச் சோதியுங்கள். டெவலப்பரின் லேப்டாப் 150-இல் இருந்து, விண்ஃபார்ம்ஸ் டிசைனரையும் அப்படியே திறந்து சேமித்தால் கட்டங்கள் இடம் மாறும். 100 சதவீதத்தில் மறுபடி திறக்கச் சொல்லி விஷுவல் ஸ்டுடியோவே மேலே ஒரு பட்டையில் கேட்கும், அதை மூடிவிடாதீர்கள்.

தேதியில் பெரிய பொறி இருக்கிறது. பல கம்ப்யூட்டர்கள் அமெரிக்க ஆங்கில அமைப்பிலேயே கிடக்கும். அங்கே 05/06 என்பது மே 6, நமக்கு ஜூன் 5. சேமிக்கும்போது கல்ச்சர் (விண்டோஸின் நாடு, மொழி அமைப்பு) சாராத வடிவம், காட்டும்போது மட்டும் இந்திய வடிவம். 1,23,456 என்று இந்திய முறையில் காற்புள்ளி வருவதற்கும் இதே வழிதான்.

தமிழ்த் திரை வேண்டுமென்றால், ஆங்கில லேபிளுக்கு அளவெடுத்த இடத்தில் தமிழ் அடங்காது. நீளமும் கூடும், உயரமும் கூடும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ எழுத்துரு கூடவே வருகிறது. பழைய மென்பொருளிலிருந்து சரக்குப் பெயர்களை இறக்குமதி செய்வதாக இருந்தால், அவை பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டப்பட்டவையா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் அதற்கெனத் தனி மாற்றி எழுத வேண்டும்.

7. ஆறாம் வாரம்: தரவும் மின்தடையும்

ஒரே ஃபைலில் அடங்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் போதும். பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் சேமியுங்கள், தசமமாக வேண்டாம். டேட்டாபேஸின் பதிப்பு எண்ணை 'யூசர் வெர்ஷன் பிராக்மா' என்ற எஸ்க்யூலைட் அமைப்பில் வைத்து, மென்பொருள் திறக்கும்போது தேவையான மாற்றங்களை வரிசையாக ஓட்டுங்கள். வெப்பில் இந்த மாற்றங்களை (மைக்ரேஷன்) நாம் ஒரு முறை ஓட்டுவோம். இங்கே ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பதிப்பிலிருந்து ஓடும், நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது. எஸ்க்யூலைட்டின் பேக்கப் ஏபிஐ அல்லது வேக்யூம் இன்டூ கட்டளையைப் பயன்படுத்துங்கள். இரண்டு கவுன்டர் உள்ள கடையில், எஸ்க்யூலைட் ஃபைலை நெட்வொர்க் ஷேரில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் யோசனை கட்டாயம் வரும். எஸ்க்யூலைட்டின் 'வால்' முறை (மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் முறை) நெட்வொர்க் டிரைவில் வேலை செய்யாது. அந்த நிலைக்கு வந்தால் சரியான டேட்டாபேஸ் சர்வர் போடுங்கள்.

தேர்வு எளிது: பில் சேமிக்கும் நொடியில் பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஓடவிட்டு இன்டெக்ரிட்டி செக் (டேட்டாபேஸ் சிதைந்திருக்கிறதா என்ற சோதனை) பாருங்கள்.

8. ஏழாம் வாரம்: பிரிண்டரும் தராசும்

ஒரு தெர்மல் பிரிண்டரைப் பயிற்சிக்கென்றே வாங்குங்கள். 80 மிமீ தாளில் அச்சாகும் அகலம் வழக்கமாக 72 மிமீ, அதாவது 203 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 203 புள்ளி) 576 புள்ளிகள். 58 மிமீ தாளில் 384. ஆங்கிலத்தை நேரடியாக அனுப்பலாம். தமிழை அப்படி அனுப்பினால் பெரும்பாலான பிரிண்டர்களில் குப்பைதான் வரும். வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். படம் அச்சாக நேரம் கூடும் என்பதால் கடைப்பெயரையும் சரக்குப் பெயரையும் மட்டும் தமிழில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். தராசு யூஎஸ்பி சீரியல் வழியாக வந்தால், வேறு சாக்கெட்டில் செருகியதும் காம் போர்ட் எண் மாறலாம். எண்ணைக் கோடில் எழுதி வைக்காதீர்கள்.

9. எட்டாம் வாரம்: அப்டேட்டும் லாகும்

முதல் வாரத்து இன்ஸ்டாலரை ஏற்றிய கம்ப்யூட்டரில், எட்டாம் வாரப் பதிப்பு தரவு இழப்பில்லாமல் மேலேற வேண்டும். கூடவே, பழையதை அழித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி எழுதும் லாக் ஃபைலும், அதை ஒரே கிளிக்கில் ஜிப் ஆக்கும் பட்டனும் வேண்டும். அந்த ஜிப்பில் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதித் தேர்வாக, ஒருவர் எழுதிய பிழையை இன்னொருவர் கம்ப்யூட்டரைத் தொடாமல் லாகை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

10. செலவுக் கணக்கை நிர்வாகத்திடம் இப்படி வையுங்கள்

உண்மையான செலவு ஆட்களின் நேரம்தான். மாதம் 80,000 ரூபாய் வாங்கும் நான்கு பேர், அரை நாள் வீதம் இரண்டு மாதம் என்றால் 3,20,000 ரூபாய். சான்றிதழ், பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் சேர்ந்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது. முழு நாள் வீதம் ஒரே மாதத்தில் முடிக்கச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், பழைய புராஜெக்ட்டிலிருந்து தினமும் அழைப்பு வரும், முழு நாள் என்பது காகிதத்தில்தான் இருக்கும். காலை நேரத்தை மட்டும் கேட்டு வாங்கி, அதைக் காப்பாற்றுங்கள்.

வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்தால், அவர் எழுதி இன்று வாடிக்கையாளரிடம் ஓடும் ஒரு மென்பொருளைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ்ப் பட்டியல் வேண்டாம். சொன்ன கட்டணத்தில் 18% ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா, டிடிஎஸ் பிடித்த பின் கையில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அமர்வுகளைப் பதிவு செய்யலாமா, பயிற்சிக் கோட் யாருக்குச் சொந்தம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மேக் பதிப்பும் கேட்டால் கணக்கு தனி. ஒரு மேக் கம்ப்யூட்டர், ஆண்டுக்கு 99 டாலர் ஆப்பிள் டெவலப்பர் கட்டணம், நிறுவனப் பெயரில் சேர டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான அடையாள எண்), ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நோட்டரைசேஷன் (ஆப்பிளிடம் அனுப்பிச் சரிபார்ப்பது). டன்ஸ் எண் இலவசம். காசு கேட்டு வரும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். விண்டோஸ் பதிப்பு சில கடைகளில் ஓட ஆரம்பித்த பிறகு இதைத் தொடங்குங்கள், அதே எட்டு வாரத்துக்குள் திணிக்காதீர்கள்.